சுங்கக் கிடங்கில் ஓர் இறக்கை

மர்சேய்க் கப்பல் வந்து நின்ற மூன்றாம் நாள்
அலை தணிந்தது.
இரண்டு சலங்குகளைச் சேர்த்துக் கட்டி
குறுக்கே கிடத்திக் கொண்டுவந்தார்கள் பெட்டியை.
சவப்பெட்டி என்றான் ஒருவன்.
எந்த ராட்சசனுக்கு என்றான் துடுப்புப் போட்டவன்.
இருபத்தெட்டடி.

பலகையைப் பெயர்த்தால் வைக்கோல்,
வைக்கோலுக்குள் ஓர் இறக்கை.
கீழ்த்தட்டு, இடப்பக்கம்.
மீதி விமானம் அடுத்த கப்பலில் என்றது கடிதம்.
அடுத்த கப்பலில் ஒயின் பீப்பாய் வந்தது,
அதற்கடுத்ததில்
வரவழைத்த கம்பெனி திவாலான செய்தி.

தீர்வை போடுவது என் வேலை.
அட்டவணையில் குடை உண்டு, கடிகாரம் உண்டு,
கிளிக்கூண்டுக்கும் ஒரு வரி உண்டு.
இறக்கைக்கு இல்லை.
மரமென்றால் ஒரு கணக்கு, துணியென்றால் வேறு.
விவரம் தெரிந்தவனைக் கூப்பிடு என்றார் பெரிய மொசியே.

விவரம் தெரிந்தவன் முத்தியால்பேட்டை மில்லில்
துணி அளந்துகொண்டிருந்தான்.
அமலோர் சவரிநாதன்.
சண்டைக்குப் போனவன். சண்டை முடிந்தும்
பாரீசுக்கு வெளியே ஒரு கொட்டகையில்
பதினான்கு மாதம் இறக்கைக்குத் துணி தைத்தவன்.
வந்தவன் தொடவில்லை, மோந்தான்.
"வாழைப்பழம்" என்றான்.
எனக்கும் அடித்தது,
பெரிய மார்க்கெட்டில் மதியத்துக்கு மேல்
வெடித்துக் கிடக்கும் பூவன் தார்.
துணியை இறுக்கப் பூசும் மருந்தாம்.
ஐந்து பூச்சு, ஒன்று காய்ந்து ஒன்று.
தைக்கும் பெண்கள் தலை சுற்றி வெளியே போய்
கொஞ்சம் பால் குடித்துத் திரும்புவார்களாம்.

நகத்தால் சுண்டினான்.
தீயில் காய்ச்சிய கஞ்சிரா மாதிரி விண்ணென்றது.

சொல்லச் சொல்ல எழுதினேன்:
விலா எலும்பு இருபத்திரண்டு,
எடை குறைய ஒவ்வொன்றிலும் துளை துளையாய்க் குடைந்து
மரம் பாதி, காற்று பாதி.
மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு,
நடுவில் கம்பும் கம்பியும்,
இந்தப் பக்கம் ஓர் எஞ்சின், அந்தப் பக்கம் ஓர் எஞ்சின்.
"ஒன்று நின்றுபோனால்?"
"மற்றது இழுக்கும்,
இறங்க வயல் கிடைக்கும்வரை."
உள்ளே பிரம்பு நாற்காலி பன்னிரண்டு.
கனமில்லை, ஆனால்
உட்கார்ந்தவர் கனம் யாரும் கேட்கவில்லை என்று சிரித்தான்.

எட்டுப் பேர் பிடித்துக் கவிழ்த்தோம்.
வயிற்றில் நாலு ஒட்டு. சதுரச் சதுரமாய்.

கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை.
"குண்டு தொங்கவிடும் கொக்கி இருந்த இடம்.
சண்டைக்கென்று வரைந்த வண்டிதான்.
செய்து முடிப்பதற்குள் சண்டை முடிந்துவிட்டது.
கொக்கியைக் கழற்று, ஜன்னல் வை, திரை மாட்டு என்றார்கள்.
பத்து நாள் வேலை."

என் பேனா நின்றது.
ஆயுதமென்றால் கவர்னர் மாளிகைக்குக் காகிதம் போகவேண்டும்.

"உன் தையலா இது?"
ஓரத்தை விரலால் தடவினான்.
"இல்லை. முடிச்சு இடப்பக்கம் விழுகிறது. ஒதீல்.
இடக்கைக்காரி, எனக்கு எதிர்ப்பலகை.
வெர்தனில் இரண்டு தம்பிகளை விட்டவள்.
மற்ற இடமெல்லாம் ஒற்றை நூல்,
இந்த ஒட்டுக்கு மட்டும் இரட்டை போடுவாள்.
நூல் வீணாகிறதென்று மேஸ்திரி கத்துவார்.
காது கேளாதவள் மாதிரி தைப்பாள்."

படிவத்தில் எழுதினேன்:
பாய். ஒன்று. பழையது.
பாய்க்குத் தீர்வை சொற்பம்.
கட்டத்தான் ஆளில்லை.

இறக்கியபோது கொக்கி பட்டுக் கிழிந்த ஒரு முழத்தை
சோற்றுவேளையில் அமலோரே தைத்தான்,
மெழுகு தேய்த்த நூல், நாலு விரலுக்கொரு முடிச்சு.
பின்னோரத்தில் மிளகு அளவு ஓட்டை ஒன்றை
தைக்காமல் விட்டான்.
"மறந்துவிட்டாய்" என்றேன்.
"மழைத்தண்ணி இறங்க வழி வேணும்."
"பறந்தால்தானே மழை, இது கிடங்கில் கிடக்கிறது."
மேலே காட்டினான்.
போன ஐப்பசியிலிருந்து
அந்த ஓடு மாற்றவில்லை.